பச்சை வாந்தி: சிசுவின் குடலும் எக்ஸ்ரே படமும்

போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையில் பச்சை நிறத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு பிடி காயை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்த மாத்திரத்திலேயே, இது எத்தரத்துக் காய், எவ்விலைக்குப் போகும் என்று சொல்லிவிடும் கண் அங்குள்ள வியாபாரிகளுக்கு உண்டு. மலையில் காய் பறிக்கும் பெண்களுக்கும் அந்தக் கண் உண்டு. நிறத்தைக் கொண்டு பொருளின் குணத்தை அறிவது அவர்களுடைய அன்றாடத் தொழில். ஆனால் அதே பச்சை நிறம், பிறந்து சில நாட்களே ஆன சிசுவின் வாயிலிருந்து வந்து துணியில் படியுமானால் அதற்கு என்ன பொருள் என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு குழந்தையின் உயிர் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையில்தான் தங்கியிருக்கிறது.

போடியிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருப்பது ராசிங்காபுரம். இவ்வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வைகறையில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரளத்தின் இடுக்கி ஜில்லாவிலுள்ள ஏலத் தோட்டங்களில் கூலி வேலை செய்து, பொழுது சாயும் நேரத்தில் திரும்புகிற பெண்கள் அநேகர். பிள்ளை பெற்றவள் சில காலம் வீட்டில் இருப்பாள். குடும்பத்தில் மற்றவர்கள் மலைக்குப் போயாக வேண்டும். பகற்பொழுதில் சிசுவுக்குக் காவல் பாட்டிதான். குழந்தை வாந்தி எடுத்தால் முதலில் பார்ப்பவளும் அவளே. என்ன செய்வது என்று முடிவு செய்பவளும் அவளே.

பாட்டி என்ன செய்வாள்? உரம் விழுந்திருக்கிறது என்று துணியில் இட்டு உருட்டுவாள். தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிச் செல்வாள். ஓமத் தண்ணீர் ஊட்டுவாள். வசம்பைச் சுட்டு இழைத்து நாவில் தடவுவாள். குடலேற்றம் என்று வயிற்றைத் தடவி விடுவதும் உண்டு. இவையெல்லாம் அன்பினால் செய்யப்படுபவை. பால் குடித்த குழந்தை வெள்ளையாகக் கக்கும்போது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுவதால், இம்முறைகளுக்கு நல்ல பெயரும் கிடைத்துவிடுகிறது. கக்கிய பால் வெள்ளையாக இல்லாமல் பச்சையாக இருக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அப்போது செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் குடலின் ஆயுளிலிருந்து கழிகிறது.

பச்சை எங்கிருந்து வருகிறது?

ஈரல் சுரக்கும் பித்தநீர், இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் வந்து கலக்கிறது. ஆகையால் இரைப்பையின் வாயிலில் அடைப்பு இருந்தால் வாந்தி வெறும் பாலாக இருக்கும். பித்தநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே அடைப்பு இருந்தால், பித்தம் மேல்நோக்கித் திரும்பி, வாந்தி பச்சை நிறம் பெறுகிறது. பச்சையாக வாந்தி எடுக்கும் சிசுக்கள் எல்லோருக்கும் அடைப்பு இருக்கும் என்பதில்லை. இரத்தத்தில் கிருமி பரவினாலும் குடல் சோர்ந்து இவ்வாறு நேரலாம். ஆயினும், அடைப்பு இல்லை என்று படம் பிடித்து உறுதி செய்யும்வரை, அடைப்பு இருப்பதாகவே கொண்டு நடக்க வேண்டும் என்பது உலகெங்கும் குழந்தை வைத்தியர்கள் கைக்கொள்ளும் விதி.

இவ்வளவு கண்டிப்பான விதி ஏன் என்பதை அறிய, கருவில் குடல் அமையும் விதத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஆறாவது வாரத்தில், கருவின் குடல் வேகமாக நீண்டு, சிறிய வயிற்றில் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் இறங்குகிறது. பத்தாவது வாரத்தையொட்டி மீண்டும் வயிற்றுக்குள் வருகிறது. இந்தப் போக்குவரத்தில் அது முக்கால் வட்டம், அதாவது 270 பாகை சுழன்று, முதுகுப்புறச் சுவரில் அகலமான அடித்தளத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மேலே இடப்பக்கத்திலிருந்து கீழே வலப்பக்கம் வரை குறுக்காக அமைந்த அந்த அகலமே குடலுக்குக் காப்பு. சிலருக்கு இச்சுழற்சி பாதியில் நின்றுவிடுகிறது. ஐந்நூறு பிறப்புக்கு ஒன்றில் இக்குறை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களுள் பலர் யாதொரு தொல்லையுமின்றி வாழ்ந்து முடிவதும் உண்டு.

தொல்லை வருபவர்களுக்கு அது பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது. அடித்தளம் குறுகிப்போனதால், சிறுகுடல் முழுவதும் ஒரு காம்பில் தொங்குவதுபோல் தொங்குகிறது. ஏலக்காய் மூட்டையின் கழுத்தைப் பிடித்து முறுக்கினால் வாய் இறுகுவதுபோல, குடல் தன் காம்பின்மீது முறுக்கிக்கொள்கிறது. அக்காம்பினுள்தான் குடலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி ஓடுகிறது. முறுக்கு இறுகினால் இரத்தம் நிற்கிறது. இரத்தம் நின்ற குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்குகிறது. காலையில் பச்சை வாந்தி எடுத்த குழந்தைக்கு இரவுக்குள் குடல் முழுவதும் கறுத்துவிடக்கூடும். உயிர் தப்பினாலும், உண்டதைச் செரிக்கும் குடல் இல்லாமல், நரம்பு வழியாக ஊட்டும் உணவையே நம்பியிருக்க வேண்டிய நிலை ஏற்படும்.

இதில் கொடுமை என்னவென்றால், தொடக்கத்தில் குழந்தையின் வயிறு உப்புவதுகூட இல்லை. தொட்டுப் பார்த்தால் மிருதுவாகவே இருக்கும். பச்சை நிறம் ஒன்றே எச்சரிக்கை.

இக்குறைக்கான சஸ்திர சிகிச்சையை 1936ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வைத்தியர் வில்லியம் லாட் வகுத்துக் கொடுத்தார். முறுக்கை எதிர்த்திசையில் அவிழ்த்து, குடலை நெரிக்கும் நாரிழைகளை அறுத்து, காம்பை அகலமாக விரித்து, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் அடுக்கிவைப்பது அம்முறை. இன்றளவும் அதுவே கைக்கொள்ளப்படுகிறது. குடல் உயிரோடு இருக்கும்போது செய்தால் குழந்தை முழு ஆரோக்கியம் பெறுகிறது. ஆகவே சிகிச்சை இல்லாத நோய் அன்று இது. காலம் தவறினால் மட்டுமே கொல்லும் நோய்.

உள்ளே பார்க்கும் வழிகள்

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். எலும்பைக் காட்டிய அக்கதிர் குடலைக் காட்டவில்லை. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க விஞ்ஞானி வால்ட்டர் கானன், கதிரை மறைக்கும் பிஸ்மத் உப்பை உணவில் கலந்து பிராணிகளுக்குக் கொடுத்து, இரைப்பையும் குடலும் அசைவதைக் கண்ணால் கண்டார். பின்னர் பேரியம் வந்தது. சிசுக்களுக்கு அயோடின் சேர்ந்த நீர்மமும் இப்பொழுது பயன்படுகிறது. நமது மாகாணமும் இத்துறையில் பிந்தியிருக்கவில்லை. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பார்னார்ட் ரேடியாலஜி நிலையம் 1934லேயே திறக்கப்பட்டது.

இன்று சிசுவின் குடலைப் பார்க்கப் பல வழிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை சொல்வது. சாதாரண எக்ஸ்ரே படத்தில் காற்றே சாட்சி. குழந்தை முதல் முறை அழும்போது விழுங்கும் காற்று, ஒரு நாளுக்குள் குடல் முழுவதும் பரவிவிடும். அது எங்கே நின்றுவிட்டது என்பதைப் படம் காட்டும். சிறுகுடலின் தொடக்கம் பிறவியிலேயே மூடியிருந்தால், இரைப்பையில் ஒன்றும் அதை அடுத்து ஒன்றுமாக இரண்டு காற்றுக் குமிழிகள் தெரியும்; கீழே ஒன்றும் இராது. இப்படத்தைக் கண்டவுடன் நோய் தெளிவாகிவிடும். ஆனால் முறுக்கிய குடலில் இந்தச் சாதாரணப் படம் குற்றமற்றதாகத் தோன்றி ஏமாற்றுவது உண்டு. படம் நன்றாயிருக்கிறது என்று குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

அப்போது சிறு குழாய் வழியாக நீர்மத்தை இரைப்பைக்குள் செலுத்தி, கதிரின் முன் அது போகும் வழியைப் பார்க்க வேண்டும். சரியாக அமைந்த குடலில், நீர்மம் முதுகெலும்பைக் கடந்து இடப்பக்கம் ஏறிப் பிறகு இறங்கும். சுழற்சி குறைபட்ட குடலில் அது வலப்பக்கமே நின்றுவிடும். முறுக்கு இருந்தால் திருகாணிபோல் சுருண்டு இறங்கும். கதிரே இல்லாமல் ஒலியலையைக் கொண்டு பார்க்கும் ஸ்கேன் கருவியும் இதற்கு உதவுகிறது. காம்பிலுள்ள நாளம் தமனியைச் சுற்றிச் சுழித்துக் கிடப்பது ஸ்கேனில் நீர்ச்சுழிபோல் தெரியும் என்று 1992ல் பிரான்ஸ் தேசத்து வைத்தியர்கள் எடுத்துக்காட்டினார்கள். பழகிய கையும் கண்ணும் இருந்தால் சிசுவின் படுக்கையருகிலேயே சில நிமிஷங்களில் இதைப் பார்த்துவிடலாம்.

அடைப்பு கீழே பெருங்குடலில் இருப்பதாகத் தோன்றினால், நீர்மத்தை மலவாய் வழியாக ஏற்றிப் படம் எடுப்பார்கள். குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. 1886ல் டென்மார்க் வைத்தியர் ஹிர்ஷ்ஸ்பிரங் விவரித்ததால் அந்நோய் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நரம்பில்லாத பகுதி சுருங்கியும் அதற்கு மேற்பகுதி வீங்கியும் படத்தில் தெரியும். தசைத்துணுக்கை எடுத்துச் சோதித்து உறுதி செய்த பிறகு, 1948ல் ஸ்வென்ஸன் வெளியிட்ட முறையும் அதன் வழிவந்த முறைகளும் குணம் தருகின்றன. இந்நோய்க்கு வீட்டிலேயே தெரியும் அடையாளம் ஒன்று உண்டு. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தை, கிராமத்தார் காட்டுப்பீ என்று சொல்லும் முதற்கருமலத்தைப் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் கழித்துவிடும். கழிக்காவிட்டால் சந்தேகிக்க வேண்டும்.

சண்டிகார் காட்டிய வழி

ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு குழந்தை மலவாய் இல்லாமலே பிறக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வேண்டியதில்லை. பிறந்தவுடன் துணியை விலக்கிப் பார்த்தால் போதும். ஆனால் குடல் எவ்வளவு தூரத்தில் முடிந்திருக்கிறது என்பதே சிகிச்சையை நிர்ணயிக்கும். தோலுக்கு அருகில் முடிந்திருந்தால் உடனே வழி திறந்துவிடலாம். உயரத்தில் முடிந்திருந்தால், வயிற்றில் தற்காலிக வாய் அமைத்து, பிறகு நிதானமாகச் செய்ய வேண்டும்.

இத்தூரத்தை அளக்க 1930ல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த வாங்கன்ஸ்டீனும் ரைஸும் ஒரு வழி சொன்னார்கள். குழந்தையைத் தலைகீழாகப் பிடித்தால் காற்று மேலெழுந்து குடலின் முடிவுக்கு வரும். மலவாய் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உலோகத் துண்டை வைத்துப் படம் எடுத்தால், இடைவெளி தெரிந்துவிடும். அரை நூற்றாண்டுக் காலம் உலகம் முழுவதும் இப்படித்தான் செய்தார்கள். ஆனால் பிறந்து ஒரு நாளான, வயிறு உப்பிய சிசுவைக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது எப்படிப்பட்ட காரியம்! குழந்தை வீறிட்டு அழும்; வாந்தி எடுத்து மூச்சுக்குழலில் ஏறிவிடலாம்; உடல் குளிர்ந்துவிடும். அழும்போது தசை இறுகி, அளவே தவறாகிவிடுவதும் உண்டு.

1983ல் நமது தேசத்தின் சண்டிகாரிலுள்ள முதுநிலை வைத்தியக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் நரசிம்மராவும் அவருடைய தோழர்களும் வேறொரு வழியை எழுதி வெளியிட்டார்கள். குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பின் கீழ் ஒரு துணிச் சுருளை வைத்துப் பின்புறத்தை உயர்த்தினால் போதும். காற்று மேலே வரும். பக்கவாட்டில் படம் எடுத்துவிடலாம். தலைகீழாகத் தொங்கவிட வேண்டியதில்லை. இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சிசுவின் துன்பத்தைக் கண்ட கண்ணும், அதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமும், ஒரு மடித்த துணியும் போதுமானவையாக இருந்தன. அம்முறை இன்று பிற தேசங்களின் ஆஸ்பத்திரிகளிலும் வழங்குகிறது.

சிறிய ஆஸ்பத்திரியில் என்ன செய்துவிட முடியும் என்று சோர்பவர்கள் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ள வேண்டும். பெரும்பொருள் செலவிட்டு வாங்கும் இயந்திரத்தைவிட, இருக்கும் இயந்திரத்தை உரிய நேரத்தில், உரிய முறையில், படிக்கத் தெரிந்தவர் பயன்படுத்துவதே சிசுவைக் காக்கிறது.

ஸ்கேனில் ஒன்றுமில்லையே!

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டும். "மாசமாக இருக்கும்போது எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்களே" என்று பல தாய்மார்கள் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கும். ஆயினும் அது குடலுக்கு அளித்த உத்தரவாதம் அன்று. சிறுகுடலின் தொடக்கத்தில் உள்ள அடைப்பு பெரும்பாலும் ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரியாது. பிந்திய மாதங்களில் பனிக்குட நீர் மிகுதியாவதைக் கொண்டே அதைச் சந்தேகிக்க முடியும். குடற்சுழற்சிக் குறை, பிறக்கும்வரை பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டுவதில்லை. ஆதலால் கர்ப்ப காலத்து ஸ்கேன் நன்றாக இருந்ததென்று பச்சை வாந்தியை அலட்சியம் செய்வது பெருந்தவறு.

படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குழந்தை வெளிறி, வயிறு கல்போல் இறுகி, மலத்தில் இரத்தம் காணும் நிலை வந்துவிட்டால், அனுபவமுள்ள சஸ்திர வைத்தியர் படத்துக்காகக் காத்திராமல் வயிற்றைத் திறப்பார். அதுவே முறை. சிசுக்களின் மென்மையான உடலில் கதிரின் அளவைக் குறைத்தே பயன்படுத்த வேண்டும் என்பதும், ஸ்கேனால் விடை கிடைக்கும்போது கதிரை நாடக்கூடாது என்பதும் இத்துறையார் ஏற்ற கொள்கைகள். கதிருக்கு அஞ்சி, வேண்டிய படத்தையே எடுக்காமல் விடுவது அதைவிடப் பெரிய கேடு.

செய்ய வேண்டியவை

ராசிங்காபுரத்துக் குழந்தைக்குப் பாதை இல்லாமல் இல்லை. போடியில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. தேனியில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கும் அப்பால் மதுரையில் ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. 2011ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நோயுற்ற சிசுவுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் வண்டியும் இலவசம். வாசல்கள் திறந்திருக்கின்றன. வாசலுக்குப் புறப்பட வேண்டிய நேரம் எது என்பது தெரிந்தால்தான் அவற்றால் பயன் உண்டு.

2013ல் மத்திய சர்க்கார் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டம் பெயர் சொல்லிக் குறித்த ஒன்பது பிறவிக் குறைகளுள் உதட்டுப் பிளவு, கோணக்கால், இருதயக் குறை முதலியவை இருந்தன. குடற்குறை ஒன்றும் இருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் குறை பட்டியலில் எளிதில் ஏறிவிடுகிறது. மறைந்திருக்கும் குறைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர் பிரசவித்த தாயின் வீட்டுக்குச் செல்லும்போது, தாயிடம் மட்டுமல்லாமல் பாட்டியிடமும் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு வர வேண்டும். வாந்தி பச்சையாக இருந்தால் அந்த நிமிஷமே புறப்படுங்கள். முதல் நாளில் கருமலம் கழியாவிட்டால் காட்டுங்கள். மலவாய் இருக்கிறதா என்று பிறந்தவுடன் பாருங்கள். பச்சை படிந்த துணியை அலசிவிடாமல் கையோடு கொண்டுபோகச் சொல்வதும் நலம். வைத்தியரிடம் ஆயிரம் வார்த்தை சொல்வதைவிட அத்துணி தெளிவாகச் சொல்லும்.

அத்துணியைக் காணும் வைத்தியருக்கும் கடமை உண்டு. பால் கொடுப்பதை நிறுத்தி, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் இட்டு, நரம்பில் நீர் ஏற்றி, சிசுவைச் சூடு குறையாமல் போர்த்தி அனுப்புவது சிறிய ஆஸ்பத்திரியிலும் முடியக்கூடியதே. முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிட்டால், குழந்தை போய்ச் சேரும்போது படம் எடுப்பவர் தயாராக இருப்பார். ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இரவு இரண்டு மணிக்கும் சிசுவின் வயிற்றை ஸ்கேன் செய்யத் தெரிந்த கை இருக்கிறதா? இல்லையெனில், எடுத்த படத்தை அந்நேரமே பார்த்துச் சொல்ல மதுரையிலோ சென்னையிலோ ஒரு நிபுணர் விழித்திருக்கிறாரா? படம் கம்பியின்றிக் கணத்தில் சென்னை போய்ச் சேரும் காலம் இது. இக்கேள்விகளை ஒவ்வொரு ஜில்லாவிலும் பொதுமக்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும் கேட்க வேண்டும்.

போடிக்கு ரயில் 2010ல் நின்று, அகலப் பாதையாக 2023ல் திரும்பி வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதற்காகப் பொறுத்திருந்தார்கள் அவ்வூர் மக்கள். ரயிலுக்குப் பொறுக்கலாம், முறுக்கிய குடலுக்குப் பொறுக்க இயலாது. ஏலக்காயின் பச்சையில் ஆயிரம் வேறுபாடு அறிந்த மலையடிவாரத்துக் கண்கள், சிசுவின் துணியில் படிந்த பச்சையையும் அறிந்துகொள்ளட்டும். அன்று மலைக்குப் போகும் ஜீப் காத்திருந்தாலும், பாட்டியின் கால்கள் ஆஸ்பத்திரியை நோக்கியே நடக்கும்.